செகண்ட்ஸ் என்று எழுதிய படம்

1. காலைக் காட்சி

நான் சினிமா விமர்சகன் ஆனதற்குக் காரணம் ஒரு காய்ச்சல். காய்ச்சல் எனக்கு அல்ல, கோவை அலுவலகத்தில் படங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவருக்கு. அன்று வெள்ளிக்கிழமை. திருப்பூர் அலுவலகத்தில் நூல் விலையும் நகராட்சிக் கூட்டமும் எழுதும் நிருபராக இருந்தேன். எங்கள் சீஃப் ரிப்போர்ட்டர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏப்பா, படம் பாப்பயா?"

"பாப்பனுங்க."

"அப்ப கெளம்பு. காலைக்காட்சி. நாலு மணி பஸ்ல கவர் போயாகோணும்."

கவர் என்பது செய்திக் கவர். எழுதியதை உறையில் போட்டுக் கோவை பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். அங்கே பஸ் நிலையத்தில் எங்கள் ஆள் ஒருவர் வாங்கிக்கொள்வார். பஸ் பஞ்சர் ஆனால் திருப்பூரில் அன்று எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

கதையை எழுதுவதா, நடிப்பை எழுதுவதா, பாட்டை எழுதுவதா என்று கேட்டேன். சீஃப் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "கதை போஸ்டரப் பாத்தாவே தெரியும். பனியன் கம்பெனிக்காரனுக்கு வாரத்துல ஒரு நாளு லீவு. அந்த ஒரு நாள இந்தப் படத்துக்குக் குடுக்கலாமா வேண்டாமா? அத எழுது. மிச்சத்தக் கோயமுத்தூர்ல எழுதிக்குவாங்க."

விமர்சனம் என்றால் என்ன என்று பிறகு எத்தனையோ கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

என் முதல் விமர்சனத்தில் 'ஒளிப்பதிவு அபாரம்' என்று ஒரு வரி இருந்தது. எந்தத் தியேட்டரில் பார்த்தாய் என்று சீஃப் கேட்டார். சொன்னேன். "அங்க திரையே மஞ்சப் பூத்துக் கெடக்குது. அபாரம்னு நீ எப்படிக் கண்ட?" என்று அந்த வரியை அடித்தார். கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது என்பதை நூல் விலை எழுதும்போது கற்றுக்கொண்டிருந்தேன். சினிமாவுக்கும் அதுதான் சட்டம் என்று அன்று தெரிந்தது.

கோவைக்காரருக்குக் காய்ச்சல் குணமானது. ஆனால் அவர் அதே மாதம் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார். வேலை என்னிடமே தங்கி, நான் ஓய்வு பெறும் வரை இருந்தது.

2. ஒரே சொல், இரண்டு ஊர்

பனியன் கம்பெனியில் தைத்து முடித்த பீஸ், செக்கிங் டேபிளுக்கு வரும். டியூப்லைட்டுக்குக் கீழே பெண்கள் நின்றபடியே ஒவ்வொன்றையும் விரித்து, உள்பக்கம் திருப்பி, பிசிறு வெட்டிப் பார்ப்பார்கள். நல்லது எக்ஸ்போர்ட்டுக்குப் போகும். ஊசி விட்ட ஒரு கோடு, பொட்டளவு ஓட்டை, சாயத்தில் ஒரு திட்டு இருந்தால் தனியே ஒதுக்குவார்கள். அதுதான் செகண்ட்ஸ். கிழித்துப் போடும் ரிஜெக்ட் வேறு. காதர்பேட்டைக் கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமை குவியல் குவியலாக விற்பது செகண்ட்ஸ். ஊரே அதைத்தான் உடுத்தியது.

பெரிய நடிகர் ஒருவர் இரண்டு வேடத்தில் வந்த படம். இரண்டு வேடத்திலும் ஒரே மாதிரி நடித்திருந்தார். எரிச்சலில் கடைசி வரியாக 'மொத்தத்தில் இது செகண்ட்ஸ்' என்று எழுதினேன். படத்தைக் குத்திவிட்டதாக ஒரு திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தியேட்டர் வாசலில் வரிசை சாலை வரை நின்றது. திங்கட்கிழமை மேனேஜர் பொட்டலத்தில் சூடாகப் பக்கோடாவோடு அலுவலகம் வந்தார். கேலி செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நீங்க செகண்ட்ஸ்னு எழுதுனீங்க பாருங்க, சனம் நம்பி வந்துருச்சுங்க."

"நான் திட்டித்தானுங்க எழுதினேன்."

"அட ஏனுங்க, எக்ஸ்போர்ட்டுன்னு எழுதியிருந்தா நமக்கில்லீன்னு போயிருப்பாங்க. செகண்ட்ஸ்னா நூலு நல்ல நூலு, எங்கியோ ஒரு ஓட்டை. நம்ம போட்டுக்கற சரக்கு."

கோவையில் நடந்தது வேறு. அங்கே உதவி ஆசிரியருக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. 'இரண்டாம் தரம்' என்று மாற்றி அச்சேற்றிவிட்டார். அங்குள்ள தியேட்டர்காரர் போனில் அவரைப் பிடித்துக் கிழித்தாராம். ஒரே படம், ஒரே விமர்சனம். ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் ஓர் ஊரில் பக்கோடா, இன்னோர் ஊரில் வசவு.

அதன்பின் அந்தச் சொல்லைத் தெரிந்தே பயன்படுத்தினேன். குறையில்லாத படங்களைப் பாராட்டினேன். ஆனால் அவற்றை மறந்துவிட்டேன். எங்கோ நூல் விட்டுப்போன படங்கள்தான் மனதில் நின்றன. அவற்றுக்கு மட்டுமே செகண்ட்ஸ் என்று எழுதினேன்.

எண்பதுகளில் அழுகைப் படங்கள். இடைவேளைக்குப் பிறகு யாருக்காவது ரத்தப் புற்றுநோய் வந்துவிடும். அவற்றைத் தயவு பார்க்காமல் எழுதினேன். அதில் இன்றும் மாற்றமில்லை. தொண்ணூறுகளில் ஆலமரத்தடிப் பஞ்சாயத்துப் படங்கள். பாதி எங்கள் பக்கம்தான் எடுத்தார்கள். நாட்டாமை பேசும் கொங்குத் தமிழைக் கேட்டு எங்கள் ஊர்க்காரர்கள், இப்படி எந்த ஊரில் பேசுகிறார்கள் என்று பக்கத்துச் சீட்டில் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு அரிவாள் படங்கள் வந்தன. அவற்றில் எனக்கு ஒரு பிடித்தமும் இல்லை. ஆனால் தியேட்டரில் பாதிப் பேர் தென்மாவட்டத்திலிருந்து தையலுக்கும் கட்டிங்குக்கும் வந்தவர்கள். அவர்கள் அரிவாளுக்கு விசில் அடிக்கிறார்கள் என்று பல வருடம் எழுதினேன். கவனித்துப் பார்த்தபோது விசில் வேறு இடத்தில் வந்தது. திரையில் ஒரு பஸ் வரும். அதன் போர்டில் சங்கரன்கோவில் என்றோ விளாத்திகுளம் என்றோ எழுதியிருக்கும். அங்கேதான் விசில். அரிவாள் வரும்போது ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக வடக்கத்தித் தொழிலாளர்கள். ஒரு தியேட்டரில் ஞாயிறு காலை போஜ்புரிப் படம் போட்டார்கள். ஒரு வார்த்தையும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். சண்டைக்குக் கத்தினார்கள், பாட்டுக்கு ஆடினார்கள். கதாநாயகன் ரயில் ஏறும் காட்சியில் மட்டும் ஒருவரும் அசையவில்லை. அந்தப் படத்துக்கும் செகண்ட்ஸ் என்றே எழுதினேன். அங்கே இருந்தவர்களில் யாரும் அதைப் படித்திருக்க முடியாது.

அந்தத் தியேட்டர் இப்போது துணி குடோன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இன்னொரு தியேட்டர் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போது, மணமேடை இருக்கும் இடம் திரை இருந்த இடமா, பெண்கள் பகுதி இருந்த இடமா என்று மனசுக்குள் அளந்து பார்ப்பேன்.

3. பியூலாவின் கேள்வி

ஓய்வு பெற்றபின் பல்லடம் சாலையில் வீடு. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பெயர் பியூலா. பையிங் ஆபீசில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என்று அறிமுகம் செய்துகொண்டார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், 'லோடு ஏறும் நாள்'னு ஒரு படத்துக்கு நீங்கதானுங்க எழுதுனது?"

அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளில், சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சினிமா ஆசையில் எடுத்த படம். கப்பல் சரக்கு லாரியில் ஏற வேண்டிய நாளில் ஒரு பனியன் கம்பெனிக்குள் நடப்பதுதான் கதை. உண்மையான கம்பெனியில், உண்மையான தொழிலாளர்களை வைத்து, லீவு நாள்களில் எடுத்தார். ரயில் நிலையத்துத் தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. எடுத்தவர் காலமாகிவிட்டார். பிரிண்ட் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

"அதுல செக்கிங் பொண்ணா நடிச்சது என்ற அம்மாங்க. எஸ்தர்."

எஸ்தர் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கணவரோடு திருப்பூர் வந்தவர். அந்தக் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருந்தவர். படம் வெளியானபோது பியூலா கைக்குழந்தை. இரண்டு வருடம் கழித்து எஸ்தர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். போட்டோ மூன்று இருக்கிறது.

"போட்டோவுல மூணுலயும் சிரிக்கறாங்க. கொரல்தானுங்க எனக்குத் தெரியாது. அப்பாகிட்டக் கேட்டா நல்ல கொரலும்பாரு. அதுக்கு மேல அவருக்குச் சொல்லத் தெரியலீங்க."

பல வருடமாக அந்தப் பிரிண்டைத் தேடுகிறார். பழைய படச்சுருள் சேர்ப்பவர்களுக்கு எழுதியிருக்கிறார். சென்னையில் ஒரு குடோனில் பெயர் தெரியாத டப்பாக்கள் கிடப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். லீவு போட்டுவிட்டுப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் போகிறார். அதற்கு முன்னால், படத்தில் அம்மா எத்தனை காட்சியில் வருகிறார், பேசுகிறாரா என்று தெரிந்துகொள்ள என்னிடம் வந்திருக்கிறார்.

என் மனைவி டீயோடு வந்தாள். "கேளு கண்ணு, கேளு. காத்தால தின்ன இட்லி இவருக்கு நெனப்பிருக்காது. முப்பது வருசத்துப் படம் பூரா இருக்கும்."

பியூலா சிரித்தார். பிறகு, "என்ற அப்பாவுக்கு உங்க மேல இன்னைக்கும் கோவமுங்க" என்றார். விமர்சனத்தில் நான் செகண்ட்ஸ் என்று எழுதியிருந்தேன். அவர் அப்பா அப்போது ஊருக்குப் புதிது. பெண்டாட்டி நடித்த படத்தை மட்டம் தட்டிவிட்டான் என்று அலுவலகத்துக்குச் சண்டைக்குக் கிளம்பினாராம். எஸ்தர் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "இப்ப நீரு உடுத்தியிருக்கது என்னவாம்?" என்று கேட்டாராம். அப்பாவிடமிருந்து பியூலாவுக்குக் கிடைத்த அம்மாவின் முழு வாக்கியம் அது ஒன்றுதான். அதையும் அப்பா தன் குரலில்தான் சொல்லுவார்.

"படம் கெடச்சா அம்மா பேசறதக் கேக்கலாமில்லீங்களா?"

எனக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லாமல் அவரைச் சென்னைக்கு அனுப்பியிருக்கலாம். டப்பா கிடைக்காமலே போயிருக்கவும் கூடும். ஆனால் கிடைத்துவிட்டால் அவர் கேட்கப் போவது என்ன என்பதை நினைத்துப் பார்த்தேன்.

"அம்மா படத்துல பேசறாங்க. ஆனா அது உங்கம்மா கொரல் இல்லீங்கம்மா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

சின்னப் படங்களில் அதுதான் வழக்கம் என்று விளக்கினேன். படம் பிடிக்கும்போது சத்தத்தைப் பதிவு செய்வதில்லை. பிறகு சென்னையில் டப்பிங் கலைஞர்கள் இரண்டு மூன்று பேரே எல்லாப் பெண்களுக்கும் பேசிவிடுவார்கள். புதுமுகங்களை ரயில் ஏற்றி அழைத்துப் போக யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

"அப்பப் படம் கெடச்சாலும்..."

"கெடச்சாலுமுங்க."

அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினார், கீழே இறக்கினார். மறுபடி தூக்கினார். என் மனைவி என்னை முறைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

4. பெண்கள் பகுதி

டப்பிங் குரல் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பியூலா கேட்டார். நியாயமான கேள்வி. சீஃப் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார். அப்போதுதான் சொன்னேன்.

வெளியான அன்று காலைக் காட்சி. கம்பெனியில் படத்துக்காக அரைநாள் விட்டிருந்தார்கள். பெண்கள் பகுதி நிறைந்திருந்தது. நான் நடுவழிக்கு இந்தப் பக்கம். படத்தில் ஒரு காட்சி. சரக்கு முடியவில்லை. சூப்பர்வைசர் எல்லோரையும் இன்னும் அரை ஷிப்ட் இருக்கச் சொல்கிறான். செக்கிங் பெண் கையிலிருந்த பீஸைக் கீழே வைக்கிறாள். வீட்டில் அவள் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. அவள் சூப்பர்வைசரைப் பார்த்துச் சொல்கிறாள்: "என் குழந்தை முழிச்சிட்டிருக்கும். நான் போறேன்."

திரையில் வந்தது கண்ணாடி வளையல் போன்ற மெல்லிய சென்னைக் குரல். பெண்கள் பகுதி மொத்தமும் சிரித்துவிட்டது. ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க எஸ்தரக்கா, இது ஆருங்க பேசறது?"

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. அதனால் எனக்கும் ஆள் தெரிந்தது. திரையில் இருந்த அதே முகம் மூன்றாவது வரிசையில் இருந்தது.

"எவளோ பேசுதா. எனக்கென்னட்டி தெரியும்" என்று அந்த முகம் சொன்னது. "நான் சொன்னது இது இல்லட்டி."

"நீங்க என்னதான் சொன்னீங்க?"

எஸ்தர் எழுந்து நின்றார். படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் வெளிச்சம் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் சூப்பர்வைசரைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்துச் சொன்னார்:

"எம் பிள்ள முழிச்சிட்டுக் கெடக்கும்லா. நான் வாரேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

இதை நான் விமர்சனத்தில் எழுதவில்லை. அது படத்தில் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. வீட்டை விட்டோ வேலையை விட்டோ கிளம்புகிற எவரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். டப்பிங் வசனம் எழுதியவருக்கு அது தோன்றவில்லை. ஷூட்டிங்கில் எஸ்தர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவருடைய உதடும் திரையில் 'வாரேன்' என்றுதான் அசைந்தது. அதற்குமேல் வேறொரு சொல்லை ஒட்டியிருந்தார்கள்.

பியூலா ஹெல்மெட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, "எப்படிச் சொன்னாங்கன்னு மறுபடி சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். என் வாயில் கொங்கு ஏறிவிடுகிறது என்பதையும் சொன்னேன். ஆகவே தெரிந்ததை விவரித்தேன். குரல் நான் எதிர்பார்த்ததைவிடக் கனமானது. பஞ்சுத் தூசியில் நிற்பவர்களுக்கு வரும் கரகரப்பு கொஞ்சம் இருந்தது. 'பிள்ள' வேகமாக வந்தது. 'கெடக்கும்லா' என்பதில் குரல் ஏறி நின்றது. ஒரு மூச்சு. 'நான் வாரேன்' தணிந்து வந்தது. அது சூப்பர்வைசருக்குச் சொன்னதுபோல் இல்லை.

"நான் அம்மா மடியில இருந்தனுங்களா, அன்னைக்கு?"

இருந்தீர்கள் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. "மூணாவது வரிசையில முகம் மட்டும்தானுங்க தெரிஞ்சுது. மடி தெரியலீங்க."

அவர் தலையாட்டினார். பிறகு தானே சொல்லிப் பார்த்தார். திருப்பூரில் வளர்ந்தவர். "என்ற புள்ள முழிச்சுட்டுக் கெடக்கும், நான் வர்றேன்" என்றுதான் வந்தது. தனக்கே சிரிப்பு வந்து நிறுத்தினார். மறுபடி சொன்னார். 'எம் பிள்ள' சரியாக வந்தது. 'வர்றேன்' இடித்தது. றகரம் வேண்டாம், 'வா'வை நீட்டுங்கள் என்றேன். வாழ்நாள் முழுக்க நடிகர்களைத் திருத்தி எழுதியிருக்கிறேன். நேருக்கு நேர் ஒருவரைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் தணித்து என்றேன். கடைசியை விழுங்காதீர்கள் என்றேன். என் மனைவி, மூச்சு விட்டுவிட்டுச் சொல்லு கண்ணு என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இதுதானா என்று அவர் கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன் இருட்டில் ஒருமுறை கேட்ட குரலுக்கு நான் சான்றிதழ் தர முடியாது. ஆனால் திருத்துவதற்கு எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

சென்னைக்குப் போவதாகத்தான் இருக்கிறார். முகத்தைப் பார்க்கலாம், கையைப் பார்க்கலாம், உதடு அசைவதைப் பார்க்கலாம் என்றார். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பாராம். கேட் வரை போய் ஸ்கூட்டரைத் திருப்பினார். எங்கள் பக்கம் விடைபெறுகிறவர்கள் 'வர்றனுங்க' என்பார்கள். அவர் ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன் எங்கள் இருவரையும் பார்த்து, "வாரேன்" என்றார். என் மனைவி, "வா கண்ணு" என்றாள்.

இப்போது விமர்சனம் எழுதுகிற இளைஞர்கள் சிலர் போன் செய்து என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பிரஸ் ஷோவுக்குப் போகாதீர்கள் என்கிறேன். அங்கே எல்லோரும் எழுத வந்தவர்கள். யாரும் வாய் திறப்பதில்லை. டிக்கெட் எடுத்து, லீவு நாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் சனத்தோடு உட்காருங்கள். திரையில் ஒருவர் தப்பாகப் பேசும்போது, அதைச் சரியாகப் பேசத் தெரிந்தவர் உங்களுக்கு நாலு சீட் தள்ளி இருப்பார். ஒரு காதை அந்தப் பக்கம் வைத்திருங்கள்.